டொக்டர் கேட்டது என்னையல்ல

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் கனடாவின் மார்க்கம் நகரில் சொந்தமாக இரண்டு கடை நடத்துகிறேன். காதால் கேட்டே பழகிய ஆங்கிலத்தில் எவரோடும் பேசுவேன். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்ட மனைவியை டொக்டரிடம் கூட்டிப்போனாலும் நான்தான் பதில் சொல்வேன்.

போன முறை, நோய் பரவுகிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை நல்லபடி வந்திருந்தது. எங்கேயாவது நோகிறதா என்று டொக்டர் அவளைக் கேட்டார்.

"நோ பெயின், டொக்டர். பிளட் கிளியர்" என்றேன் நான்.

டொக்டர் விடவில்லை. தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்து அவளிடமே கேட்கவைத்தார்.

"இடுப்பெலும்பு ஒரு மாசமா நோகுது, பிள்ளை" என்றாள் அவள் தொலைபேசியில்.

எனக்கு வந்த கோபம்! "இதை ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"இரத்தம் கிளியர் எண்டு அஜக்ஸ் நகரத்தில இருக்கிற தங்கச்சி வரைக்கும் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டியள். பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது?"

இரத்தம் நல்லபடி காட்டினாலும் நோய் பரவியிருக்கலாமாம். ஸ்கானில் இடுப்பெலும்பில் ஒரு புள்ளி தெரிந்தது. உடனே மருந்து தொடங்கினார்கள். இப்போது நோவு குறைவு.

இப்போதெல்லாம் டொக்டர் கேட்டால் நான் வாய் திறப்பதில்லை. முதுகு, கால், பசி, நித்திரை என்று அவள் ஆறுதலாகச் சொல்லி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.