நிலாவில் உட்கார்ந்த குழந்தை

மேனாம்பேட்டுக்குக் குடிவந்த புதிதில் அந்த ஊரில் எனக்குத் தெரிந்த முகம் என்று ஒன்றுகூட இல்லை. சொந்த ஊர் தேனிப் பக்கம். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிக்கும் வேலை. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் இருட்டின பிறகுதான் மூடுவேன். என்னோடு பேசுகிறவர்கள் எல்லாரும் திரைக்குள் இருந்தார்கள். லிப்டில் எதிர்ப்படுகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதோடு சரி.

ஒரு சனிக்கிழமை, வீட்டில் இருக்கப் பிடிக்காமல், ஷேர் ஆட்டோ பிடித்து ஆவடிப் பக்கம் இருந்த ஒரு கிளை நூலகத்துக்குப் போனேன். உறுப்பினர் ஆவதற்காக விவரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் வேலை என்னவென்று கேட்டதும் நூலகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அந்த வட்டாரத்துக்காரர்.

"கம்ப்யூட்டரு நல்லா வரும்னு சொல்லுங்க மேடம். எனக்கு ஒரு ஒதவி வேணும். சம்பளம் கிம்பளம்லாம் கெடையாது."

அந்தப் பகுதியின் பழைய சங்கதிகளை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலை நூலகத்தில் நடந்துகொண்டிருந்தது. கோயில் திருவிழா நோட்டீஸ்கள், தொழிற்சாலைக் குடியிருப்பில் நடந்த நாடகங்களின் அழைப்பிதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தன. கடைசியாக வந்து சேர்ந்தவை நெகட்டிவ்கள். எப்போதோ மூடிவிட்ட ஒரு போட்டோ ஸ்டூடியோவினுடையவை. கடைக்காரரின் மகன் வீட்டைக் காலி செய்தபோது, குப்பையில் போட மனசில்லாமல் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். உறைகளின் மேல் எழுதியிருந்த பெயர்கள் ஈரத்தில் கரைந்து ஊதாக் கறையாகியிருந்தன. யார் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

அன்றே உட்கார்ந்துவிட்டேன்.

நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? தலைமுடி வெள்ளையாக இருக்கும். பற்கள் கறுப்பாக. கண்ணுக்குள் இருக்கும் பாப்பா ஒரு சிறிய விளக்குப் போல எரியும். இறந்தவரோ இனிமேல்தான் பிறக்கப் போகிறவரோ என்று தோன்றும்படி ஒரு முகம். ஸ்கேனருக்குள் வைத்து மூடினால், உள்ளே வெளிச்சம் மெல்ல ஊர்ந்து போகும். திரையில் ஒரு பொத்தானை அழுத்தியதும் கறுப்பு வெள்ளையாகி, வெள்ளை கறுப்பாகி, யாரோ ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி என்னைப் பார்ப்பார்.

அதற்குப் பிறகு என் வேலை தூசியையும் கீறலையும் நீக்குவது. ஒரு முகத்தைப் பெரிதாக்கி, நெற்றியில் ஆரம்பித்து, கன்னம், தாடை என்று ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்துக்கொண்டே வருவேன். வெளியே மழை பெய்யும், மின்விசிறி முனகும், பத்திரிகை படிக்க வந்தவர் மேஜையிலேயே தூங்கிப்போயிருப்பார். திரையில் புது மாப்பிள்ளையும் பெண்ணும் இடைவெளி விட்டு நிற்பார்கள். சீருடையில் அண்ணன் தம்பிகள் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் எப்போதும் அதே வரைந்த திரைச்சீலை: ஒரு ஏரி, இரண்டு அன்னங்கள், எங்கேயும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு. சில சமயம் அந்தப் படிக்கட்டில் நானே ஏறிப்போவது போலக் கண் சொக்கும்.

கொஞ்ச நாளில் வேறு ஒன்று ஆரம்பித்தது. அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு பெரியவர், வழுக்கை, காதில் முடி. அவர் திரும்பியபோது அந்த முகத்துக்கு அடியிலிருந்து இன்னொரு முகம், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல, மேலே வந்தது. அரை டிராயரில், அப்பாவின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன். போன வாரம் நான் துடைத்த முகம். பிறகு அடிக்கடி அப்படி நடந்தது. மருந்துக் கடையில், ரேஷன் கடை வரிசையில், திருவேற்காடு கோயில் பிராகாரத்தில். யாரையும் தெரியாத ஊரில் எல்லாருடைய குழந்தைப் பருவமும் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. எல்லாமே உண்மையாக இருந்திருக்காது. பாதி மயக்கம்தான். ஆனாலும் அந்த நாட்களில் கடைக்குப் போகும்போதுகூட ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும்.

ஒருமுறை காய்கறிக் கடையில் ஒரு அம்மாவிடம் தாங்காமல் கேட்டுவிட்டேன். "சின்ன வயசில ரெட்டைப் பின்னல் போட்டு, கையில ஒரு பொம்மையோட போட்டோ எடுத்திருக்கீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு நீ? இன்னா விக்க வந்துகீற?" என்றார். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

படங்களை இணையத்தில் ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் கீழே 'இவரைத் தெரியுமா?' என்று ஒரு கட்டம். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு யாரோ தொழிற்சாலைக் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் பகிர, பதில்கள் வர ஆரம்பித்தன. 'இது எங்க சித்தப்பா', 'நடுவில் நிற்பது என் மாமியார்' என்று. பெயர்கள் வர வர, நெகட்டிவ்கள் ஒவ்வொன்றாக இந்த உலகத்துக்குத் திரும்பி வந்தன.

அந்த ஸ்டூடியோவில் ஒரு நிலா இருந்தது. பிளைவுட்டில் வெட்டி வெள்ளிப் பெயிண்ட் அடித்த பிறை. கறுப்புத் திரைக்கு முன்னால் தொங்கும். அதில் குழந்தைகளை உட்காரவைத்து எடுப்பார்கள். எடுத்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு குழந்தை. இரண்டு வயது இருக்கும். கொசுவம் வைத்த கவுன், உச்சியில் கட்டிய கொண்டையைச் சுற்றிப் பூ. இடது காலில் ஷூ இருக்கிறது, வலது கால் வெறுங்கால். கேமராவைப் பார்க்காமல் மேலே எதையோ பார்த்துச் சிரிக்கப் போகிறது. சிரிப்பு இன்னும் வரவில்லை. அந்த முகத்தை நான் தேவைக்கு மேலேயே துடைத்தேன்.

அந்தப் படத்துக்கு முதலில் எழுதியவர், டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். 'இது நான்தான். குலதெய்வம் கோயில்ல மொட்டை போடுறதுக்கு முன்னாடி பொம்பளப் புள்ள வேஷம் போட்டு எடுத்தது. இடது கால்ல மட்டும் ஷூ இருக்கும். இன்னொண்ணக் கழட்டி போட்டோக்காரர் மேல வீசிட்டேன்னு அம்மா சொல்லும். வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தப்ப எங்ககிட்ட இருந்த பிரிண்ட்டு போயிடுச்சு' என்று எழுதியிருந்தார். அடுத்த சனிக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். உயரமான மனிதர். திரைக்கு முன்னால் குனிந்து, தன்னையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இன்னா அழகு பாரும்மா. இப்ப இப்படி ஆயிட்டேன்" என்று சிரித்தார்.

அவர் பெயரைப் பதிவதற்கு முன்னால் நூலகருக்கு ஒரு போன் வந்தது. கோவில்பதாகையிலிருந்து ஒரு அம்மா. அந்த நிலாக் குழந்தை தன் அக்கா என்றார். நூலகர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரையும் வரச் சொல்லிடலாம் மேடம். நம்மால தீர்ப்பு சொல்ல முடியாது."

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் மஞ்சள் பை. திரையில் படத்தைத் திறந்து வைத்தேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார். பிறகு கையை நீட்டி, திரையில் அந்த வெறுங்காலின் மேல் விரலை வைத்தார்.

"எங்கம்மா சொல்லிகினே இருக்கும்" என்றார். "ஒத்தக் கால்ல ஷூவோட நிலாமேல குந்திகினு இருந்தாடி உங்கக்கான்னு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பூட்டா. போட்டோ எடுத்துட்டு வந்தாங்களாம், அந்த வாரமே ஜொரம். அதுக்கப்புறம் எங்கப்பா அந்தத் தெரு பக்கமே போவல. போட்டோவ வாங்கவே இல்ல."

ஃபிட்டராக இருந்த பெரியவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். முழங்காலில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நூலகருக்கு ஒரு யோசனை வந்து, ஸ்டூடியோக்காரரின் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மகன் சிரித்துவிட்டார். "அந்த கவுனு, ஷூ எல்லாம் ஸ்டூடியோவோடது சார். ஷூல ஒண்ணு ஆரம்பத்துலயே தொலைஞ்சுபோச்சு. அப்பா வேற வாங்கவே இல்ல. நெறைய கொழந்தைங்க ஒத்த ஷூவோடதான் எடுத்திருப்பாங்க."

ஆக இருவருடைய அம்மாக்களும் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் மிச்சப் பெட்டிகளில் பாதி நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகியிருந்தன. ஒற்றை ஷூவோடு எங்களுக்குக் கிடைத்தது இந்த ஒரு குழந்தைதான்.

"என் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்" என்றார் அந்த அம்மா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "அதுக்கு முன்னாடி பூவாடைக்காரிக்குப் படையல் போடணும். எங்க ஊட்ல கன்னியா போயி சாமியானது அந்த அக்காதான். அம்மா இருந்தவரைக்கும் ஒரு செம்பையும் ஒரு பாவாடையையும் வெச்சுத்தான் கும்புடுவோம். மொகம் தெரியாது யாருக்கும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நான் இல்லம்மா" என்றார். "எனக்கு ஷூ வலது கால்ல. இப்பத்தான் சரியா பாக்கறேன். இது உங்க அக்காதான்."

அவர் இடது கால் என்று எழுதியதை நான் படித்திருந்தேன். அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த அம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், நிதானமாக அழுதார். நூலகர் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

வெளியே டீக்கடையில் பெரியவரைப் பிடித்தேன். "சார், நீங்க இடது கால்னுதானே எழுதியிருந்தீங்க?"

அவர் டீயை ஆற்றினார். "என்னத்தான் எல்லாரும் பாத்துட்டாங்களேம்மா. கல்யாணத்துல பாத்தாங்க, ரிட்டயர்மென்ட்ல மாலையோட பாத்தாங்க, பேரன் தெனம் பாக்கறான். அந்தப் புள்ளைய யாரு பாத்தா?" கொஞ்சம் குடித்துவிட்டு, "எனக்கும் ஒரு பிரிண்ட்டு போட்டுக் குடு. அவங்களாண்ட சொல்லிடாத" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். பர்ஸில் வைக்கிற அளவில் கேட்டார்.

படையலுக்கு அந்த அம்மா எங்கள் மூவரையும் கூப்பிட்டிருந்தார். கோவில்பதாகையில் ஒரு சிறிய வீடு. கணவருக்கு அன்று பகல் ஷிப்ட். நான் தனியாகப் போனேன். கூடத்தில் மஞ்சள் பூசிய சுவரை ஒட்டி, புதுப் பாவாடை, வளையல், பூ, பச்சரிசியும் வெல்லமும் இடித்த துள்ளுமாவு, இலையில் சோறும் கறியும். நடுவில் சட்டம் போட்ட படம். சாம்பிராணிப் புகை நிறைந்து, அந்தக் குழந்தை நிஜமாகவே ஏதோ மேகத்துக்கு மேலே ஆடுகிற மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சம் புகையில் நீளநீளமாக விழுந்தது. எங்கே இருக்கிறோம் என்பதே எனக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். "நெத்தி அப்டியே பெரியப்பா" என்றார் ஒருவர். "கண்ணு நம்ம ஆயாவோடது" என்றார் இன்னொருவர். கல்யாணப் பெண் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்து, "பெரியம்மா எவ்ளோ சின்னப் புள்ளையா கீறாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியவரும் வந்திருந்தார். நூலகருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று, மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கைகூப்பினார். தன் படத்தைத்தான் கும்பிடுகிறாரா, இறந்துபோன அந்தப் பெண்ணையா என்று எனக்குத் தெரியாது. அவருடைய காதையும் தாடையையும் ஒரு தடவை பார்த்தேன். அந்தக் குழந்தையின் முகத்தைப் புள்ளி புள்ளியாகத் துடைத்தவள் நான். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடலாம். வேண்டாம் என்று கண்ணை எடுத்துக்கொண்டேன்.

பந்தியில் அவருக்கு எதிரே எனக்கு இலை போட்டார்கள். அந்த அம்மாவே வந்து பரிமாறினார். பெரியவரின் இலையில் இரண்டாம் தடவை வடை வைத்தபோது, "அண்ணே, கல்யாணத்துக்கும் வந்துடணும். நம்ம ஊட்டு விசேசம்" என்றார். அவர் தலையாட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வடையைப் பிட்டுப் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நூலகர் அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்து, அந்த அம்மா சொன்ன பெயரைத் தட்டச்சு செய்தார். அழகான பெயர். பள்ளியில் ஒருமுறைகூட யாரும் கூப்பிடாத பெயர். சேமிக்கும் பொத்தானை என்னை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். பிறகு அடுத்த உறையைப் பிரித்து, ஒரு நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அதில் வெள்ளைத் தலையோடு இரண்டு பெண்கள், தோளில் கைபோட்டபடி, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.