நேரில் அறிவேன்

ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பூட்டும் சனிக்கிழமை மதியம்தான் எங்கள் பள்ளிக்கூடம் திறக்கும். இராஜபாளையத்தில் ஒரு மில்லில் குமாஸ்தாவாக இருந்த அப்பா அன்று அரைநாளோடு வீடு திரும்புவார். அவர்தான் தலைமையாசிரியர். மாணவர்கள் இருவர். இளம்பிள்ளை வாதத்தில் அக்காவின் ஒரு கால் சூம்பியிருந்ததால் அவளை வீட்டிலேயே படிக்கவைத்தார்கள். துணைக்கு என்னையும் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். என்னிடம் யாரும் ஆட்சேபணை கோரவில்லை. அம்மாவின் தோசைக்கல் வட்டத்துக்கும், கிணற்று வாளி கனஅளவுக்கும் போய்விடும். சனிக்கிழமைகளில் சமையல் தாமதமாகத்தான் நடக்கும்.

அந்த வாரம் பாடம், நிழல். அக்காவின் ஊன்றுகோலை முற்றத்து வெயிலில் நட்டு, அதன் நிழல் கோலின் உயரத்துக்குச் சரியாக வந்த நொடியில் தென்னையின் நிழலை அளந்தோம்.

"இப்ப மரம் எம்புட்டோ நிழலும் அம்புட்டு" என்றார் அப்பா.

ஏறாமலே மரத்தை அளந்துவிட்டோம்.

மறுநாள் எல்லோருமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். அக்கா எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வேண்டும். விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். தவறினால் ஒரு வருடம் வீண். அவள் புகைப்படத்தின் மேல் பச்சை மையில் கையெழுத்திடும் தகுதியுள்ள அதிகாரி ஒருவர் வேண்டும். கால்நடை மருத்துவருக்கும் அந்தத் தகுதி உண்டு என்று அப்பா விதியைப் படித்துக் கண்டுபிடித்திருந்தார்.

மருத்துவர் தன் வீட்டு வாசலில் ஓர் எருமையின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து படிவத்தைக் கடைசி வரி வரை படித்தார். அப்படிப் படித்த இன்னொருவரை அதன் பின் நான் பார்த்ததில்லை.

"'இவரை நேரில் அறிவேன்'னு போட்டிருக்கு. எனக்கு இந்தப் பிள்ளையத் தெரியாதே சார்."

"எருமையத் தெரிஞ்சுக்கிட்டா மருந்து குடுக்காவ?" என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னது அவருக்கும் கேட்டுவிட்டது.

"அதத்தாம்மா இம்புட்டு நேரமும் தெரிஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு அக்காவிடம், "இன்னைக்கு என்ன சோலி உனக்கு?" என்று கேட்டார்.

"கோபுரத்த அளக்கப் போறோம்."

"அப்ப நானும் வாரேன்."

கோபுரத்தின் முன்னே தெருவில் ஊன்றுகோலை நட்டோம். கோல் இல்லாத அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருத்துவர் எங்கள் புளியோதரையைத் தின்றபடி, "ஆச்சா?" என்று அடிக்கடி கேட்டார்.

"செத்த நேரம் பொறுங்க சார்" என்று அக்கா ஓர் அதிகாரியையே அடக்கினாள்.

கோலும் நிழலும் சமமானதும் நான் ஓடிப்போய் உச்சியின் நிழல் விழுந்த இடத்தில் கல்லை வைத்தேன். திரும்பிப் பார்த்தால், பதினோரு நிலைகளும் தெருவில் இறங்கிப் படுத்திருந்தன. நான் கோபுரத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன். மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது.

அடிக்கொரு முடிச்சுப் போட்ட கொடிக்கயிற்றால் அளந்து அப்பா உயரத்தைச் சொன்னார். மருத்துவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"தப்பு" என்றாள் அக்கா.

"ஏட்டி, சும்மா இரு" என்றாள் அம்மா. அக்காவைக் கிள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது.

"தென்னைக்கு இது சரிம்மா. கோபுரத்துக்கு உச்சி நடுவுலல்லா இருக்கு? நாம முன்சுவர்லேருந்துதான அளந்தோம். உள்ள நடு வரைக்கும் இருக்குற பாதி அகலத்தையும் சேக்கணும்."

அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "ஆமாட்டி" என்றார், மெதுவாக.

மருத்துவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அக்காவின் ஒரு வருடமும் அதோடு போய்விட்டது என்று நினைத்தேன். அவரோ கயிற்றின் ஒரு முனையைத் தானே எடுத்துக்கொண்டு கோபுர வாசலுக்குள் நடந்தார். பாதியைச் சேர்த்து அக்கா புதிய உயரத்தைச் சொன்ன பிறகு, என்னைக் குனியச் சொல்லி, என் முதுகில் படிவத்தை வைத்துக் கையெழுத்திட்டார்.

"இப்பத் தெரியும்" என்றார்.

அதிகாரிகள் எல்லோரும் இப்படித்தான் கையெழுத்திடுவார்கள், அலுவலகங்களில் தாமதம் ஆவது அதனால்தான் என்று நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிற்காலத்தில் எனக்கும் ஒரு பச்சை மைப் பேனா வாய்த்தது. ஓய்வு பெறும்வரை 'நேரில் அறிவேன்' என்ற அதே வரிக்குக் கீழே கை வலிக்க வலிக்கக் கையெழுத்திட்டேன். விதிகள் இன்றும் எண் வாரியாக மனப்பாடம். எதிரே நின்ற பிள்ளைகளில் ஒரு முகத்தையாவது நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை.