பாய்லர் கூப்பிடாத வாரங்கள்

வீட்டில் குக்கர் விசில் அடித்தால் மற்றவர்கள் அடுப்பை அணைக்கப் போவார்கள். பாய்லர் அண்ணன் மட்டும் அடுப்படி வாசலில் நின்று, தலையைச் சாய்த்து, விசில் சரியாகத்தான் அடிக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்பார். "உங்க வேலையை லாண்டரியோட வெச்சுக்குங்க. என் குக்கருக்கு ஒண்ணும் ஆகலை" என்று மனைவி விரட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் கூத்து இது. நோய் பரவி, ஊரடங்கு வந்து, லாண்டரி மூடிய பிறகு அவள் விரட்டுவதை விட்டுவிட்டாள். மனிதருக்குக் கேட்க வேறு சத்தமே இல்லை, இதையாவது கேட்டுவிட்டுப் போகட்டும் என்று பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. பாய்லர் இயக்குவதற்கான சான்றிதழ்த் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாம் முறை தேறியபோது அந்தப் பெயர் சான்றிதழில் அச்சாகி வந்தது. அதோடு சரி. லாண்டரியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பாய்லர் அண்ணன்தான்.

ஓட்டல்களின் துணியை வெளுக்கும் லாண்டரி அது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, மேசைத் துணி என்று மூட்டை மூட்டையாக வேனில் வந்து இறங்கும். துவைக்கும் இயந்திரத்துக்கு வெந்நீர் பாய்லரிலிருந்து போகிறது. ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காகிதம் போல வெளியே தள்ளும் பெரிய ரோலருக்குச் சூடும் அங்கிருந்துதான் போகிறது. பாய்லர் படுத்தால் லாண்டரியே படுத்துவிடும்.

அந்தப் பாய்லரின் தலையில் ஒரு வால்வு உண்டு. உள்ளே அழுத்தம் அளவு மீறினால் அது தானாகத் திறந்து ஆவியை வெளியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் என்ன ஆகும் என்று பாய்லர்காரர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வால்வு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வேலை தொடங்கும் முன் அதன் கைப்பிடியை ஒருமுறை இழுத்துவிடுவது வழக்கம். இழுத்தால் கூரைக்கு மேலே நிற்கும் குழாய் வழியாக ஆவி சீறும். சுற்றியுள்ள தெருவெல்லாம் கேட்கும். அங்கே குடியிருக்கும் லாண்டரிப் பெண்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. "பாய்லர் கூப்பிட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார்கள்.

பிறகு அந்த நோய் வந்தது. விமானம் நின்றது, ரயில் நின்றது, ஓட்டல் அறைகள் பூட்டிக் கிடந்தன. யாரும் படுக்காத மெத்தைக்கு விரிப்பு எதற்கு? வேன்காரர் வேனை விற்றார். சோப்புத்தூள் கொண்டுவருபவர் பழம் விற்கப் போனார். எங்கோ ஒருவர் பயணத்தை ரத்துசெய்ததற்கு இங்கே கஞ்சியக்காவின் அண்டா காய்ந்துபோனது. மேசைத் துணிக்குக் கஞ்சி போடுபவள் அவள். மடிப்புக்கூடத்துப் பெண்களுக்கெல்லாம் தலைவி. அவள் வாய்க்கு முதலாளியம்மாவே கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பாள்.

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. லாண்டரியைப் பூட்டிய அன்று அழுதுவிட்டு, அண்ணனை மட்டும் தனியே அழைத்தாள். "ஓட்டல்காரங்க எப்ப வேணாலும் திறப்பாங்க அண்ணே. சும்மா கிடந்தா பாய்லர் துருப்பிடிச்சிடும். வாரம் ஒருதடவை வந்து சூடேத்தி வெச்சிடுங்க."

அவரும் போனார். ஆளில்லாத கூடத்தில் தன் செருப்புச் சத்தமே தன்னைத் துரத்துவது போல இருந்தது. பாய்லரைப் பற்றவைத்து, அழுத்தம் ஏறியதும், பழக்கத்தில் வால்வை இழுத்துவிட்டார். ஆவி சீறியது. முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் வாசல் கேட்டில் பாதி மடிப்புக்கூடம் நிற்கிறது. முகமூடி போட்டிருந்தார்கள். சாப்பாட்டு டப்பா கையில் இருந்தது. ஒருத்தி வேலைச் சீருடையைத் தேய்த்து உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

"சும்மா சோதனைக்குத்தாம்மா" என்றார் அண்ணன்.

அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் வந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ரோலரை ஓட்டுபவன் அவன். லாண்டரி மூடியதும் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கப் போயிருந்தான். சீறல் கேட்டதும் தூக்கிய மூட்டையை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தவனுக்கு அந்த வேலையும் போயிற்று. மூச்சிரைக்க நின்றவன் முகம் சிவந்திருந்தது.

"மாமா, வேலை இருந்தா கூப்பிடுங்க. இல்லேன்னா இனிமே சும்மா கூப்பிடாதீங்க."

அன்று அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், வயிறு காய்ந்து கிடப்பவர்களை வாரா வாரம் தெருவில் ஓடவிட்டுத் திருப்பி அனுப்புகிறோமே என்று மனம் அடித்துக்கொண்டது. அடுத்த வாரம் ஒரு முடிவுக்கு வந்தார். பாய்லரைப் பற்றவைத்தார், அழுத்தத்தைக் கொஞ்சமாகவே ஏற்றினார், வால்வின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. யாரும் கேட்டுக்கு வரவில்லை. தான் ஒரு புண்ணியம் செய்தது போல வீட்டுக்குப் போனார். அதன்பிறகு எல்லா வாரமும் அப்படியே செய்தார். பாய்லரோடு தலை நரைத்தவர், செய்யக்கூடாதது அது என்று தெரியாதவர் இல்லை. திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

சில வாரங்களில் மச்சினன் வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. "அவனுக்கு என்ன கோவமோ" என்றாள் மனைவி. மடிப்புக்கூடத்திலிருந்தும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி வீட்டுவேலைக்குப் போனாள். இன்னொருத்தி குடும்பத்தோடு ஊரைவிட்டே கிளம்பினாள். காலம் கெட்டுக் கிடக்கிறது, யார்தான் என்ன செய்வார்கள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

ஒருவழியாக அந்த நாளும் வந்தது. ஒரே ஒரு ஓட்டல், அதிலும் இரண்டே மாடி திறக்கப்போகிறார்கள். விரிப்புகள் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும், மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள். நோய்க்குப் பயந்து புதிதாக ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள். துணியெல்லாம் கொதிக்கும் சூட்டில் வெளுத்திருக்க வேண்டும். "இது ஒழுங்கா போச்சுன்னா மொத்த ஓட்டலும் நமக்குத்தான்" என்றாள் முதலாளியம்மா. "சொதப்பினா அவங்க வேற லாண்டரிக்குப் போயிடுவாங்க. அப்புறம் நான் இதைத் தாங்கிப் பிடிக்க முடியாது அண்ணே. வித்துட்டுப் போயிடுவேன்."

மிச்சமிருந்த பெண்கள் விடியும்போதே வந்து கூடத்தைத் துடைத்தார்கள். ரோலருக்கு ஆள் இல்லாததால் கஞ்சியக்காவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் முன் நின்றாள். "இதென்ன பெரிய வித்தையா? உங்க மச்சினனே ஓட்டுறப்ப நான் ஓட்ட மாட்டேனா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் சிரிப்புக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன் பாய்லர் முன் நின்றார். மீட்டரில் முள் ஏறியது. வேண்டிய அளவு வந்ததும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். சுவரோடு சேர்த்துக் கட்டியது போல நின்றது. ஸ்பேனரால் பக்கத்தில் மெல்லத் தட்டிப் பார்த்தார். ஊஹூம்.

மாதக்கணக்கில் இழுக்காத வால்வு உள்ளே துருவேறி இறுகிவிட்டது. இப்போது அழுத்தம் மீறினால் வெளியேற வழி இல்லை. பாய்லரில் அழுத்தம் ஏறினால் தானே அணையும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் அதுவும் பழசு, முன்பே இரண்டு தடவை ஏமாற்றியிருக்கிறது.

அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்ததை மறைப்பதில் அர்த்தமில்லை. நகராமல் மீட்டர் முன்னாலேயே உட்கார்ந்துவிடலாம். முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏறினால் அணைத்து, இறங்கினால் பற்றவைத்து, சாயங்காலம்வரை ஓட்டிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓட்டல் நிலைக்கும், லாண்டரி நிலைக்கும், எல்லோர் வீட்டிலும் உலை கொதிக்கும். நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டுவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கஞ்சியக்கா யாரையோ திட்டிவிட்டு இவருக்குக் குரல் கொடுத்தாள். "அண்ணே, ஆவியை விடுங்க! துணி காத்திருக்கு!"

அந்தச் சுவர் எவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு செங்கல் கனம்தான். பாய்லரை அணைத்தார்.

முதலாளியம்மா ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் அதையேதான் சொன்னாள். "இன்னிக்கு ஒருநாள் கண்ணால பாத்துக்கலாமே அண்ணே? கெஞ்சிக் கேக்குறேன்."

"முடியாதும்மா. நானே அப்படி நினைச்சுட்டுத்தான் அணைச்சேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கூடத்துக்குச் சொல்ல வேண்டியவர் அண்ணன்தான். போய் நின்றார். துவைக்க எடுத்த விரிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"வால்வு இறுகிப்போச்சு. இன்னிக்கு பாய்லர் ஓடாது. தப்பு என்னோடது. வாரா வாரம் இழுத்துவிடணும், நான் இழுக்கலை. இழுத்தா சத்தம் வருது, நீங்க ஓடி வர்றீங்க, திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரலை. அதான் விட்டுட்டேன்."

கஞ்சியக்கா ரோலரைவிட்டு வந்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அப்ப நீங்க வாரா வாரம் வந்துட்டுத்தான் இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம்கூட தவறலை."

"அடப்பாவி அண்ணே! சத்தம் நின்னதும் கம்பெனியையே வித்தாச்சுன்னு நினைச்சோமே. வேலை இல்லேன்னு எங்களுக்குத் தெரியாதா? கேட்டுக்கு வந்து நாலு பேரைப் பாத்துட்டு, இன்னும் மூடலை, இன்னும் மூடலைன்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்குப் போவோம். அதை வெச்சு ஒரு வாரம் ஓட்டுவோம். நீங்க நிறுத்தின பிறகுதான் ஒவ்வொருத்தியா போனாளுங்க. உங்க மச்சினன் போறப்ப என் வீட்டு வாசல்ல நின்னு என்ன சொன்னான் தெரியுமா? 'மாமாவே கைவிட்டுட்டாரு அக்கா, இனி யாரை நம்பி இருக்கிறது'ன்னான்."

அண்ணன் பக்கத்திலிருந்த துணிமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, மறைக்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நம்பி இத்தனை பேரை இருட்டில் விட்டிருக்கிறோம் என்று எண்ணும்போது, வெடிக்காத பாய்லர் நெஞ்சுக்குள் வெடித்தது போல இருந்தது.

முதலாளியம்மா திரும்பி வந்தாள். ஒரு மாடித் துணியை ஓட்டல்காரர் அப்போதே வேறு லாண்டரிக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு மாடிக்கு மட்டும் நாளை சாயங்காலம்வரை தவணை கிடைத்திருக்கிறது. புது வால்வுக்குச் சொல்லியாயிற்று, அதைப் பொருத்திச் சரிபார்க்க ஆள் காலையில் வருவார். வந்தால், வால்வு ஒத்துக்கொண்டால், மதியத்திலிருந்து ஓட்டலாம். "ஆனா ரோலர்ல பழகின கை இல்லாம அரை நாள்ல முடியுமா?" என்றாள். கஞ்சியக்கா செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள்.

அண்ணன் அங்கேயே உட்கார்ந்தபடி மச்சினனுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். மூன்றாம் முறை எடுத்தான்.

"என்ன மாமா?"

"மாப்ளே, ஒரு ஓட்டல் திறக்குது. ரோலருக்கு ஆள் வேணும். வர்றியா?"

"வந்தா வேலை நிச்சயமா?"

ஆமாம், நீ கிளம்பி வா, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் வருவான். கூடமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியலை மாப்ளே" என்றார். "பாதித் துணி கையைவிட்டுப் போயிடுச்சு. மிச்சத்தை நாளைக்கு முடிச்சாத்தான் உண்டு. வால்வு சரியாகுமான்னு காலையிலதான் தெரியும். நடந்தா நடக்கும், இல்லேன்னா மூடிடுவாங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். யோசிச்சு நீயே முடிவு பண்ணு."

அந்தப் பக்கம் சிமென்ட் கலவை இயந்திரம் சுற்றும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா, நான் எதுக்கு மாமா இங்க வந்து கல்லு சுமக்கிறேன்?"

"தப்புதான் மாப்ளே" என்றார் அண்ணன்.

"மேஸ்திரிகிட்ட கேக்கணும்" என்றான் மச்சினன் கடைசியில். "பஸ் ஓடுதான்னும் தெரியலை. ஓடினா ஏறிடுறேன்."