ஐந்து மணிக்கு அணைக்க வேண்டிய பொத்தான்

காலை ஐந்து மணிக்கு எழ ஃபோல்கேவுக்கு அலாரம் வேண்டாம். ஆறு வாரமாக உடம்பே எழுப்பிவிடுகிறது. கம்பளிக் காலுறையோடு பூனை மாதிரி சமையலறைக்கு நடந்து, கைபேசியில் ஒரு பொத்தானை அணைப்பாள். லைன் கரண்ட் பேட்டரிக்குப் போவது நிற்கும். அதற்கப்புறம் படுத்தால் தூக்கமா வரும்? அறுபத்தொன்பது வயதில் அவளுக்கு இந்தத் திருட்டு வேலை தேவையா?

தேவைதான். புருஷன் ஹாபோ அப்படிப்பட்ட பிடிவாதக்காரன். துறைமுகத்து நிலக்கரி மின்நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் உழைத்து நுரையீரலைப் பாழாக்கிக்கொண்டவன். கூரையில் சோலார் தகடும் கீழே பேட்டரியும் வைத்த அன்றே சொல்லிவிட்டான்: "இதுல வெயில் மட்டும்தான் ஏறணும். கரிக் கரண்ட் ஒரு பொட்டு உள்ள வரக் கூடாது." லைனிலிருந்து சார்ஜ் ஏறாதபடி செட்டிங்கையும் தானே மாற்றினான். கோடையில் சரி. ஜெர்மனியின் வடகோடிக் கிழக்கு ஃபிரீசியாவில், நவம்பரில் வெயிலுக்கு எங்கே போவது?

அக்டோபர் கடைசியில் அடித்த புயலில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. பேட்டரியும் காலி. ஹாபோவின் ஆக்சிஜன் மெஷின் நின்றது. கையிருப்புச் சிலிண்டரின் முள் இறங்க இறங்க, ஃபோல்கே அவனை மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் செட்டிங்கை மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். "நான் போனா போறேன், கரி வேணாம்" என்றான் பாவி மனுஷன். அன்றிலிருந்து அவன் தூங்கியதும் லைன் சார்ஜைப் போடுவாள், விடியுமுன் அணைப்பாள். காலையில் நிரம்பிய பேட்டரியைப் பார்த்து அதில் ஏதோ கோளாறு என்று குதிப்பான் ஹாபோ. பேட்டரி மாட்டிய எய்லர்ட் இரண்டு முறை வந்து ஒன்றும் புரியாமல் போனான்.

மூன்றாம் முறை வந்தது டிசம்பரில், மதியம் மூன்று மணிக்கு. தேநீர் நேரம். ஊற்றிய சூட்டில் கோப்பையடியில் கிடந்த கற்கண்டு படபடவென்று வெடித்தது. மேலே பாலேடு விட்டு, கலக்காமல் குடித்தபடியே எய்லர்ட் மடிக்கணினியைத் திறந்தான்.

"போன தடவை வந்தப்ப பேட்டரியே ஒவ்வொரு நிமிஷத்தையும் பதிவு பண்ற மாதிரி போட்டுவச்சேன். இருங்க பார்க்கிறேன்."

பார்த்தான். முகம் மாறியது. தினமும் இரவு ஒன்பதரைக்கு ஆன், காலை ஐந்துக்கு ஆஃப். எல்லாம் ஃபோல்கேவின் கைபேசியிலிருந்து. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அவசரமாக அவன் கோப்பையை மறுபடி நிரப்பினாள்.

"இது... சாஃப்ட்வேர் பிரச்சினை. புதுசு போட்டா சரியாயிடும்." எழுந்து ஓடிவிடலாம் என்றால் இரண்டாவது கோப்பைதான் ஆகியிருந்தது. மூன்றுக்கு முன்னால் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டு, போதும் என்று எழுந்தால் அந்த ஊரில் மரியாதை இல்லை.

ஹாபோ சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

"உங்கப்பனுக்கும் பொய் வராதுடா எய்லர்ட். உன் சாஃப்ட்வேர் காலுறை போட்டுக்கிட்டு நடக்குமா? விடியறதுக்குள்ள சமையலறைக் கதவு முனகுது."

"தெரியுமா உனக்கு?" என்றாள் ஃபோல்கே.

"பத்து நாளா தெரியும்."

"தெரிஞ்சும் இவனை வரச் சொன்னியா? என்னை அவமானப்படுத்தவா?"

"அட, கோவிக்காத. கண்ணாடியில உன் மூஞ்சியைப் பார்த்தியா? எனக்குக் காவல் காத்துக் காத்து நீதான் முதல்ல போய்ச் சேருவே போல." எய்லர்ட் பக்கம் திரும்பினான். "மாத்துப்பா. லைன்லேர்ந்தே ஏறட்டும். தினமும், தானா, முழுசா. இவ எழுந்திருக்கக் கூடாது."

"கரிக் கரண்ட்டும் கலந்திருக்குமே?" என்றான் எய்லர்ட்.

"இருந்துட்டுப் போகட்டும். அதான் ஏற்கெனவே எனக்குள்ள கெடக்கே." மூச்சு வாங்கிக்கொண்டான். "ஆனா ஏப்ரல் ஒண்ணாம் தேதி தானா நிக்கணும். அப்புறம் வெயில் மட்டும்தான். தேதி வைக்க எனக்குத் தெரியலை, அதான் உன்னைக் கூப்பிட்டேன். இப்பவே போட்டு வச்சிரு."

ஹாபோ ஏப்ரலைப் பார்ப்பான் என்று டாக்டர் ஃபோல்கேவிடம் சொல்லவே இல்லை. எய்லர்ட் தேதியைத் தட்டினான். ஃபோல்கே மூன்றாவது கோப்பையைக் குடித்துக் கரண்டியை அதற்குள் போட்டாள். ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிப்போனாள்.