பகவதியக்காளுக்கு அம்மன் வந்த நாள்

பகவதியக்காளுக்கு அம்மன் வந்தது என்று எங்கள் லைன் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஆனால் பக்கத்திலேயே நின்ற எனக்கே அன்று நடந்ததில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியைச் சொல்கிறேன். அதில் என் முட்டாள்தனமும் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். எங்களுடையது மூன்றாவது, பகவதியக்காளுடையது நாலாவது. அவள் புருஷன் பிச்சையா அண்ணாச்சி கொப்பரைக் கடையில் தராசு பிடித்தவர். மூட்டையைத் தோளில் ஏற்றும்போதே எடை சொல்லிவிடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஒரு நாள் அந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். வலது கையும் காலும் போயின. நாக்குக் குழறியது. அவர் பேச்சு அக்காளுக்கு மட்டும்தான் புரியும். நாங்கள் பார்க்கப் போனால் அவள்தான் எங்களுக்கு எடுத்துச் சொல்வாள்.

அன்று முதல் அக்காளுக்கு உறக்கம் என்று ஒன்று இல்லை. இரண்டு மணிக்கொரு தரம் அவரைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். துணி அலச வேண்டும். "உங்க கையும் காலும் என்ன இரும்பாக்கா?" என்று கேட்டால் சிரிப்பாள். "நான் செய்யாம வேற யாருட்டி செய்வா?" என்பாள். அலுத்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டினால் எனக்காவது ஆறுதலாக இருந்திருக்கும். திட்ட மாட்டாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர்களுக்கு ஒரே பெண், ஆவுடை. ஐம்பத்திரண்டு ஆவணியில் நாகர்கோவில் பக்கம் பறக்கை என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். பறக்கையும் அப்போது எங்கள் திருக்கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தது. நாகர்கோவில் பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம். அந்த மார்கழியில் ஆவுடைக்கு விஷக்காய்ச்சல் வந்தது. வந்த ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள் என்று தந்தி. அக்கா கிணற்றடியில் இருந்ததால் தந்தியை வாங்கியவள் நான். ஆவுடைக்குப் பத்தொன்பது வயசு. என்ன சொல்ல!

கிணற்றடியில் அவளிடம் சாவைச் சொன்ன கையோடு என் யோசனையையும் சொன்னேன். என் வாயில் வசம்பு வைத்துத் தேய்க்க! "அண்ணாச்சிக்கு அதிர்ச்சியே ஆகாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காருல்லா. அவர்கிட்ட மூச்சு விடாதீங்கக்கா. இதையும் கேட்டா அவரும் போயிருவாரு" என்றேன். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "ஆவுடைக்குக் காய்ச்சலாம், ஒரு எட்டு பாத்துட்டு வாறேன்" என்று அவரிடம் சொல்லி, அவரை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து, கிணற்றடியில் குளித்துவிட்டு, "காய்ச்சல் விட்டுட்டு, நல்லாயிருக்கா" என்றாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பெற்ற வீட்டில் மூன்று நாள் தீட்டுதான். அதையும் அவருக்குத் தெரியாமல் கழித்தாள்.

லைன் வீட்டில் ஒருத்தி பாக்கியில்லாமல் நான் போய் மிரட்டிவிட்டு வந்தேன். ஒருத்தியும் துட்டிக்கு, அதாவது சாவு விசாரிக்க, வரக் கூடாது. எங்கள் நாஞ்சில் நாட்டு வழக்கத்தில் துட்டி கேட்பது என்றால் சும்மா விசாரிப்பது இல்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுவது. அழுதால் அண்ணாச்சிக்குக் கேட்டுவிடும் அல்லவா? ஆகவே யாரும் வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். தைப் பொங்கலன்று பால் பொங்கும்போது குரவைகூட இட்டாள்.

கல்யாணமான புதிதில் ஆவுடை போட்ட கார்டு ஒன்று இருந்தது. வாரத்துக்கு ஒரு தரம் அக்கா அதே கார்டைப் புதிதாக வந்ததுபோல் எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்காருவாள். "பசு கன்னு போட்டிருக்காம்." "மாமியார் புதுசா ஒரு சேலை எடுத்துக் குடுத்தாளாம்." சுவருக்கு இப்பால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். வரவர அந்தக் கதைகளைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம் ஏறிற்று. பொய் சொல்கிறாளா, நம்பியே சொல்கிறாளா என்று எனக்குத் திகைப்பாகப் போய்விட்டது.

பங்குனிக் கடைசிச் செவ்வாய் எங்கள் தெருக்கோடி முத்தாரம்மன் கோவிலில் கொடைத் திருவிழா. உச்சி வேளையில் கோவில் முன் மணலில் பெண்கள் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பொங்கலிடுவோம். பொங்கல் பொங்கி வழிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. "இந்த வருஷம் வேண்டாங்கா, ஒடம்பப் பாருங்க" என்றேன். "வருஷா வருஷம் இடுதேன். இப்பம் இடலேன்னா ஏன்னு கேப்பாருட்டி" என்றாள்.

அந்த வெயிலை என்னவென்று சொல்ல! மணலில் கால் வைக்க முடியவில்லை. மேலே சூரியன், முன்னால் தீ, பக்கத்துக்குப் பக்கம் அடுப்பு. எனக்கு வேர்வை சொட்டிச் சேலை நனைந்துவிட்டது. அக்காளைத் திரும்பிப் பார்த்தேன். முகம் செக்கச் செவேல் என்றிருந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. அகப்பையைப் பானைக்குள் விடாமல் வெறும் மணலில் விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன செய்யுதிய?"

அவள் எழுந்தாள். ஆடினாள். கண் மேலே செருகியது. அவ்வளவுதான், "தாயே, முத்தாரம்மா!" என்று ஒருத்தி கத்த, பெண்கள் எல்லாரும் குரவையிட, மேளக்காரன் வந்து அவள் காதருகே நின்று வெளுத்து வாங்க ஆரம்பித்தான்.

"என்ன குறை தாயே? சொல்லு!"

"கஞ்சி ஆறிப்போச்சு" என்றாள் அக்கா. "திருப்பிப் போடணும். முதுகு வெந்துபோவும். திருப்பிப் போடணும்."

அம்மனுக்குக் கஞ்சி வார்ப்பு நின்றுபோனதற்குக் கோபம் என்றாள் ஒருத்தி. சிலையைக் கிழக்கே திருப்பி வைக்கச் சொல்லுகிறாள் தாய் என்றாள் இன்னொருத்தி. அண்ணாச்சியின் முதுகு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை தானாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றதே, அதை எங்கே போய்ச் சொல்ல? ஒருவேளை அம்மன்தானோ என்று எனக்கும் ஒரு கலக்கம். குடம் குடமாக மஞ்சள் நீரை அவள் தலையில் ஊற்றினார்கள். நானும் ஒரு குடம் ஊற்றினேன்.

ஆறாவது வீட்டு ராஜபாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நெய்யூர்ப் பக்கத்து வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள். டூட்டி முடிந்து அந்த வழியாக வந்தவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தாள். அக்காளின் கழுத்தில் கை வைத்தாள்.

"எந்தா இது? நிறுத்துங்க மேளத்த! தொட்டுப் பாருங்க, அடுப்பாட்டம் கொதிக்கு. வேர்வையே இல்ல. இது வெயிலு அடிச்சது. இன்னும் கொஞ்சம் ஆட விட்டா செத்துப்போவா!"

"அம்மன இப்பிடிப் பேசாத ராஜபாய்" என்றாள் ஒரு கிழவி.

"நான் அம்மன ஒண்ணும் சொல்லல்ல பாட்டி. நீங்க ஊத்துன தண்ணிதான் இவளுக்க உசுரப் பிடிச்சு வச்சிருக்கு. இன்னும் ஊத்துங்க. ஆனா நிழல்ல வச்சு ஊத்துங்க. தூக்குங்க, அவ வீட்டுக்கு!"

அங்கே கட்டிலில் அண்ணாச்சி கிடக்கிறார். இவளோ தன் புத்தியில் இல்லை. "எங்க வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே, வழியில நின்னு பேசாத" என்று என்னைத் தள்ளிவிட்டாள் ராஜபாய். நாலு மாசமாகக் காத்த பொய் அன்றோடு உடையப் போகிறது, அண்ணாச்சி உயிரும் அதோடு போகப் போகிறது என்றே நினைத்தேன்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் அவளைக் கிடத்தினோம். கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணி வைத்தாள் ராஜபாய். நான் பனையோலை விசிறியால் விசிறினேன். "ஒரு மணிக்கூறு பாப்போம். சூடு எறங்கல்லேன்னா வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லிவிட்டு ஐஸ் வாங்க ஓடினாள். அண்ணாச்சி தலையைத் திருப்பி, கீழே கிடந்த அக்காளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "ஏட்டி சரசு, அரிசி கூடப் போடு. ஆவுடை வாறா. ஆறு மணி பஸ்ஸுக்கு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, உளறலிலும் பொய்யைத்தான் உளறுகிறாள். "போடுதேன்கா" என்றேன். என் கண்ணில்தான் நீர் நிற்கவில்லை.

"நீ ஏன் அழுத? ஆவுடைக்கு என்ன?"

நிஜமாகவே கேட்டாள். அவளுக்கே தெரியவில்லை! என்ன சொல்வேன் நான்? ஒரே சாவை ஒருத்தியிடம் இரண்டு தரம் சொல்ல முடியுமா? விசிறியை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது கட்டிலில் அண்ணாச்சி ஏதோ சொன்னார். விளங்கவில்லை. எடுத்துச் சொல்கிறவள் தரையில் கிடக்கிறாள். கஞ்சியா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். தண்ணியா? இல்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். குனிந்து அவர் வாயருகே காதை வைத்தேன்.

"கரும்பு... போவல்ல."

இவருக்கும் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைத்தேன். "தைக்கு... கரும்பு... போவல்ல" என்றார். பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகி முதல் தை. மகள் வீட்டுக்குத் தலைப்பொங்கல் சீர் போக வேண்டும்: கரும்பு, மஞ்சள் குலை, பழக்குலை, பச்சரிசி, புதுப் பானை. எங்களில் எந்த அப்பனும் அதை மறக்க மாட்டான். அக்கா பொங்கலிட்டாள், குரவையிட்டாள், சீரை மறந்தாள். தலையிட்டு யோசனை சொன்ன நானும் மறந்தேன். இந்த மனுஷன் தை பிறக்கும் முன்னாலிருந்தே கட்டிலில் கிடந்தபடி வாசலில் கரும்புக்கட்டு வந்து இறங்குகிற சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறார். வரவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை, மகள் போய்விட்டாள் என்று தாமே தெரிந்துகொண்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்ச பொறவும் எதுக்கு அண்ணாச்சி அந்தக் கார்டைக் கேட்டுக்கிட்டு கிடந்திய? இவள ஏன் இந்தப் பாடு படுத்துனிய?"

"அவளுக்கு... அது வேணும்னு... நெனச்சேன்" என்றார். அந்த வார்த்தை மட்டும் எனக்கு ஒரு தடவையில் விளங்கியது.

யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஐஸ் வந்தது. சூடு இறங்கியது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ராஜபாய் துளித் துளியாக ஊட்டினாள். வெயில் சாயும் நேரத்தில் அக்காளின் நெற்றியில் வேர்வை பூத்தது. எழுந்து உட்கார்ந்தவள் முதலில் என்னைப் பார்த்தாள். "ஏதாவது உளறினேனாட்டி?" என்று ரகசியமாகக் கேட்டாள். நான் விசிறிக்கொண்டே இருந்தேன். மாடத்திலிருந்து அந்தக் கார்டை எடுத்தாள். "ஆவுடை எழுதியிருக்கா..." என்று அவரிடம் ஆரம்பித்தாள்.

அண்ணாச்சி இடது கையை நீட்டி அவள் தலையில் வைத்தார்.

"பகவதி. போதும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கார்டு கையிலிருந்து விழுந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அது அழுகை என்று எனக்கே முதலில் தெரியவில்லை. "எம் மவளே! ஆவுடே!" என்று சுவர் அதிரக் கத்தினாள். மார்கழியில் அழுதிருக்க வேண்டியதைப் பங்குனியில் அழுதாள்.

வெளியே நின்ற பெண்களுக்கு அம்மன் மறுபடியும் இறங்கிவிட்டாள் என்ற நினைப்பு. மஞ்சள் நீர்க் குடங்களோடு வாசலுக்கு ஓடிவந்து குரவையிட ஆரம்பித்தார்கள். நான் எழுந்து கதவைத் திறந்தேன்.

"வாய மூடுங்கட்டி! அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளையப் பறிகுடுத்தவ அழுதா. துட்டிக்கு வாங்க."

குரவை நின்றது. குடங்களை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள்.