ரயில் சத்தத்துக்குத் திரும்பினான், என் குரலுக்கு இல்லை: எடப்பாடியிலிருந்து சேலத்துக்கு

போன வாரம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். மகனுக்கு ஒன்றரை வயது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். போங்கள் என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஒரு சொல்லோடு நிறுத்துகிற ஆளா நான்? 1986 மாசியில் நாங்கள் போன பயணத்தையே எழுதிவிடுகிறேன்.

அப்போது எடப்பாடியில் எங்கள் வீட்டின் முன்பாதி தறிப்பட்டறை. ஆறு விசைத்தறிகள் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குப் பேச்சு பாதி கையால்தான். நூல் அறுந்துவிட்டது, சோறு ஆயிற்று, வாசலில் ஆள் நிற்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொடுவோம். பெயர் சொல்லி யாரும் தொண்டையை வீணாக்குவதில்லை.

என் மகன் குமரேசன் அந்தச் சத்தத்தில் பிறந்தவன். நாலு வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. தறிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் கூடி முடிவு கட்டிவிட்டார்கள். சேலத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருப்பதாக என் வீட்டுக்காரர் விசாரித்து வந்தார். காது டாக்டரிடம் சான்று வாங்கிக் கொடுத்தால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வார்களாம். அவனுடைய சட்டைகளை ஒரு தகரப்பெட்டியில் மடித்து வைத்தது நான்தான். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு முறை அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறரை மணி பஸ். கொங்கணாபுரம், மகுடஞ்சாவடி வழியாகச் சேலம், நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் காலத்துச் சாலையில் இரண்டு மணி நேரம் ஆகும். குமரேசனுக்கு ஜன்னலோரம் கொடுத்தோம். பெட்டி என் காலடியில். வழி நெடுக மரவள்ளிக் காடுகள், கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டிகள். அவன் எதையும் பார்க்கவில்லை. முன்சீட்டுக் கம்பியில் கழன்றிருந்த ஒரு வளையத்தைச் சுற்றிக்கொண்டே வந்தான்.

மகுடஞ்சாவடி பக்கத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு பீடி பற்ற வைத்தார். பஸ்ஸுக்குள் திடீரென்று ஓர் அமைதி. எங்கள் வீட்டில் கரண்ட் போனால்கூட அப்படி ஓர் அமைதி வராது, ஆளுக்கு ஆள் கரண்ட்காரனைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். குமரேசன் வளையத்தை விட்டான். சீட்டின் மேல் ஏறி நின்று ஈரோட்டுப் பக்கம் தலையைத் திருப்பினான். அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்களுக்கு ரயிலின் ஊதல் மெல்லக் கேட்டது.

"பையனுக்குக் காது ரொம்பக் கூருங்க. எங்களுக்கு முந்தி வண்டி வாறது அவனுக்குக் கேட்டுப் போச்சு பாருங்க" என்றார் கண்டக்டர்.

"தண்டவாளத்து அதிர்வுல தெரிஞ்சிருக்குமுங்க" என்றார் என் வீட்டுக்காரர். தறிக்காரர் புத்தி அப்படித்தான் போகும். நான் விடவில்லை. பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவன் முதுகுக்குப் பின்னால் லேசாகக் கசக்கினேன். சட்டென்று திரும்பிக் கையை நீட்டினான்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் கண்டக்டர் காலில் விழாத குறை. "குமரேசா!" என்றேன். திரும்பவில்லை. காதோரம் போய், "சாமீ, அம்மாடா" என்றேன். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வளையத்தைச் சுற்றினான். அந்தச் சந்தோஷம் அங்கேயே செத்தது. காது கேட்காதவன் திரும்பவில்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. காது கேட்கிற பிள்ளை பெற்றவள் குரலுக்கு ஏன் திரும்பவில்லை?

வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. "அப்பறமென்ன புள்ள? எறங்கு, திரும்பி ஊட்டுக்குப் போயரலாம். பேச்சு தன்னால வந்துரும்."

"ஏனுங்க, ரயிலுக்குத் திரும்பறான், பொட்டலத்துக்குத் திரும்பறான், எனக்குத் திரும்பலீங்களே. அது ஏன்னு யாருகிட்டயாச்சும் கேக்காம நான் ஊட்டுக்கு வாரதில்லீங்க."

என் குரலைக் கேட்டு, எழுந்த மனிதர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ரயில் கடந்து, ரயில்வே கேட்டும் திறந்தது.

சேலம் ஆஸ்பத்திரியில் காது டாக்டர் வரிசையில் வீட்டுக்காரர் போய் நின்றார். நான் குழந்தைகள் பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டேன், அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார். என் வயதுள்ள ஒரு பெண் டாக்டர். ரயில் கதையையும், விடுதிப் பள்ளியில் சேர்க்கக் கிளம்பியதையும் முழுதாகக் கேட்டார். ஒரு பொம்மை லாரியைக் கொடுத்தார். குமரேசன் அதைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றினான். "அங்க பாரு, ஃபேன்" என்று டாக்டர் விரலை நீட்டினார். விரல் போன பக்கம் அவன் பார்க்கவில்லை. தாகம் எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்ப் பானை மேல் கொண்டுபோய் வைத்தான், என் முகத்தைப் பார்க்காமலே.

"வேணுங்கிறத விரலால என்னிக்காவது காட்டியிருக்கானா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். நாள் முழுக்கக் கையாலேயே பேசுகிற வீடு. அதில் ஒரு நாள்கூட அவன் கை எதையும் காட்டியதில்லை. ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

"காது கேக்காத பிள்ளை உங்க முகத்தையும் கையையும் விடாம பாக்கும். உங்க வீட்டுச் சைகையெல்லாம் ரெண்டு வயசுலயே கத்துக்கிட்டிருக்கும். இது வேற. ஆட்டிசம்னு சொல்வாங்க. எதுக்கும் காதையும் சோதிச்சிடலாம்" என்றார்.

"தறிச் சத்தத்துனாலயாங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்ல. தறியாலயும் இல்ல, அம்மா வளர்ப்பாலயும் இல்ல. பிறவியிலயே இப்படி. பக்கத்துல உக்காந்து, முகம் பாத்து, ஒண்ணொண்ணா சொல்லிக் குடுக்கணும். அந்தப் பள்ளிக்கூடம் நல்லதுதான், ஆனா இவனுக்கானது இல்ல."

காதுச் சோதனையிலும் குறை இல்லை என்று வந்தது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர், "பையன் ஊமைங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் என் வீட்டுக்காரர் சொன்னார்: "இல்லீங்க. அவனுக்குப் பேச எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு இன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுதுங்க."

இனி உங்களுக்கு. ஒரு வயது தாண்டியும் பெயர் சொன்னால் திரும்பவில்லையா, விரல் நீட்டிக் காட்டவில்லையா, கண்ணைப் பார்த்துச் சிரிப்பது குறைவா, வந்த வார்த்தை நின்றுபோனதா, காட்டிவிடுங்கள். இதில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று சொல்பவர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். காலை முதல் பஸ்ஸில் போங்கள், கூட்டமும் சத்தமும் அப்போதுதான் குறைவு. பழகிய டம்ளரையும் பிடித்த தின்பண்டத்தையும் மறக்காதீர்கள். பிள்ளை எதற்குத் திரும்புகிறது, எதற்குத் திரும்பவில்லை என்று வழியெல்லாம் கவனியுங்கள், டாக்டருக்கு அதுதான் வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் சேலத்தில் மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்புங்கள்.

நாங்கள் அன்று சாப்பிடக்கூட இல்லை. ஆனால் மூன்று பேராகப் போய், மூன்று பேராகவே வீடு வந்து சேர்ந்தோம்.