ஏழாவது துணி

எங்கள் பட்டறையில் மெக்கானிக்குக்கு ‘ஏழுதுணி’ என்று பெயர் வைத்தவன் நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவருடைய லைசென்ஸுக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. ஒரு வண்டியைத் திறக்கும் முன் துடைக்கிற துணிகள் ஏழு எடுத்து ஸ்டூலின் மேல் அடுக்குவார். வேலை முடிந்து மூடும்போது ஏழும் திரும்பி வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் மறுபடி திறப்பார். வண்டிக்காரர் வாசலில் நின்று கத்தினாலும் சரி, குட்டிக்கரணம் போட்டாலும் சரி. அந்தத் துணிகளை அவருடைய மனைவி பழைய ஜன்னல் திரையிலிருந்து வெட்டி, நூல் பிரிந்து என்ஜினுக்குள் போகாமல் இருக்க நான்கு ஓரமும் மஞ்சள் நூலால் மடித்துத் தைத்துக் கொடுப்பார். மெக்கானிக்கை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனின் சட்டையில் எப்போதும் இரண்டு பித்தான் இருக்காது. துடைக்கிற துணிக்கு மட்டும் ஓரம் தைத்திருக்கும்.

“அண்ணி உங்களைவிடத் துணியைத்தான் நல்லா பாத்துக்கிறாங்க” என்பேன்.

“துணி எதுத்துப் பேசறதில்லையே” என்பார்.

நான் பக்கத்துத் தடுப்பில் எலெக்ட்ரீஷியன். பேட்டரி, வயரிங், விளக்கு எல்லாம் என் இலாகா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை பரவாயில்லை ரகம். அண்ணன் அப்படி இல்லை. ஒரு நட்டை முடுக்கிய பிறகு விரலால் தடவிப் பார்ப்பார், குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போல. பேச்சு குறைவு. ஆனால் ஒரு வண்டியைப் பற்றி அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது, எல்லோரும் நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கைதான் ஒரு அம்மாவின் தலையில் பதினெட்டு வருஷம் பாரமாக உட்கார்ந்தது. அதில் என் பங்கும் உண்டு.

அந்த அம்மா பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் வண்டி ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். அவருடைய அப்பா ஆசையாக ஓட்டிய வண்டி. அப்பாவுக்குப் பார்வை மங்கியதும் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். மகன்கள் இரண்டு பேர் இருந்தும் தன்னிடம் கொடுத்தார் என்பதில் டீச்சருக்குப் பெருமை. வகுப்பில் சிரிப்பதற்கே யோசிக்கிறவர், சனிக்கிழமை காலையில் கூரையை மடித்துவிட்டு அந்த வண்டியில் போகும்போது வேறு ஆளாகத் தெரிவார். பக்கத்தில் அப்பா தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீச்சரின் கணவர் பல் டாக்டர். அவரும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கியர் ஒவ்வொன்றும் அவர் கையில் அலறும். அதனால் வண்டி டீச்சருக்கே என்று விட்டுவிட்டார்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தட்டில் கசிவு என்று வண்டி எங்களிடம் வந்தது. தட்டைக் கழற்றிப் புது பேக்கிங் வைத்து மூட வேண்டும். அரை நாள் வேலை. அண்ணன் அடியில் மல்லாந்து படுத்துச் செய்தார். மூடி முடித்து எழுந்து வந்து துணியை எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார். ஸ்டூலுக்கு அடியில் பார்த்தார், டிராயரில் பார்த்தார், தன் பாக்கெட்டையே வெளியே இழுத்துப் பார்த்தார். அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று டீச்சர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“காத்துல பறந்திருக்கும்ணே. ஒரு துணிக்காகப் போலீஸ்லயா கம்ப்ளெய்ன்ட் குடுக்கப்போறீங்க?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர்கூடச் சிரித்தார். அண்ணனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக, துணி குறைந்தும் அவர் திறக்காமல் விட்டார்.

சாவியைக் கொடுக்கும் முன் என் பக்கம் திரும்பி, “டாஷ்போர்டு லைட்டெல்லாம் பாத்துட்டியா?” என்று கேட்டார். எந்த வண்டியும் வெளியே போகும் முன் அதைப் பார்ப்பது என் வேலை. சாவியைப் போட்டுத் திருப்பினால் சிவப்பு விளக்குகள் எரியும். எரிகிறதா என்று பார்த்தால் முடிந்தது, அரை நிமிஷம்கூட ஆகாது. நான் கையில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். “பாத்தாச்சுண்ணே” என்றேன். பார்க்கவில்லை. எழுந்திருக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது கடகடவென்று சத்தம் கேட்டு, என்ஜின் அப்படியே இறுகி நின்றுவிட்டதாம். டீச்சரின் அப்பா பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை. பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து கோட்டோடு வந்துவிட்டார். அண்ணன் ஆயில் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. பெரிய ஸ்பேனரைப் போட்டு என்ஜினைத் திருப்பிப் பார்த்தார், இம்மியும் அசையவில்லை.

“ஆயில் மேலே ஏறலை. பம்ப் போயிருக்கும்” என்றார். “ஆயில் நின்னதுமே சிவப்பு லைட் எரிஞ்சிருக்கும். பாக்காம ஓட்டியிருக்காங்க.”

“லைட் எரியலையே” என்றார் டீச்சர்.

“எரியாம இருக்காதுங்கம்மா.”

“அப்பாகிட்டக் கதை பேசிக்கிட்டே ஓட்டியிருப்பா. லைட்டையா பாத்திருக்கப்போறா?” என்றார் டாக்டர்.

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். அவருக்கு முன்னால் இருக்கிற ஆளே நிழலாகத்தான் தெரியும். அவர் எப்படிச் சாட்சி சொல்வார்? டீச்சர் அப்பாவை இறக்கக் கதவைத் திறந்தார். என் காதில் என் ‘பாத்தாச்சு’ கேட்டது. பல்ப் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வயரைச் சுருட்டுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

என்ஜினுக்குள் சுழல்கிற தண்டே தேய்ந்து போயிருக்கும், அந்த வண்டிக்குப் பாகம் கிடைக்காது என்று அண்ணன் சொன்னார். கிளினிக்குக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வண்டியைத் தள்ளி நிறுத்தினார்கள். டீச்சர் அதற்குப் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. பஸ்ஸில் பள்ளிக்குப் போனார். மூன்று வருஷத்தில் அப்பா இறந்துபோனார்.

டாக்டருக்கு மட்டும் அது ஒரு தமாஷ் கதையாகிவிட்டது. நல்ல மனுஷர்தான், ஆனால் ஒரு சிரிப்பு கிடைத்தால் விடமாட்டார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நான் அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோதும் சொன்னார்: “எங்க வீட்டம்மா சாதாரண ஆள் இல்ல. ஒரு என்ஜினையே வறுத்தெடுத்தவங்க.” டீச்சர் அப்போது சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கதவருகில் நின்றிருந்தார். என் வாயில் பஞ்சு இருந்ததால் நான் சிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. வெட்கக்கேடு, அன்றைக்கு எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இந்த வருஷம் டாக்டர் பட்டறைக்கு வந்தார். டீச்சர் நான்கு மாதத்தில் ரிட்டயர் ஆகிறார், அதற்குள் வண்டி ஓட வேண்டும்.

“பாவம், எத்தனை வருஷத்துக்குத்தான் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பா? அவ பண்ணினதை மறந்துட்டேன்னு காட்டணும்” என்றார்.

மன்னிப்பாம். அண்ணன் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

ஷெட்டைத் திறந்தபோது வண்டி நான்கு சக்கரத்திலும் காற்று இல்லாமல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. டாங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி கெட்டியாகி நாறியது. பிரேக் இறுகிப் போய் சக்கரம் உருளவே மாட்டேன் என்றது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவரவே ஒரு பகல் ஆயிற்று.

முதலில் என் வேலை. எலி தின்ற வயர்களை மாற்றி, புது பேட்டரி வைத்து, சாவியைத் திருப்பினேன். சார்ஜ் விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு எரியவில்லை. பல்பைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே கம்பி அறுந்து, கண்ணாடி கரி பிடித்திருந்தது. நின்ற வண்டியில் பல்ப் எரிந்து கருகாது. ஓடுகிற காலத்திலேயே போன பல்ப் அது. நிமிர்ந்தால் அண்ணன் எதிரே நிற்கிறார். பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“புதுசு போடு” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் அவர் என்ஜினுக்கு அடியில் படுத்துத் தட்டைக் கழற்றினார். வெகுநேரம் சத்தமே இல்லை. நான் குனிந்து பார்த்தேன். நெஞ்சின் மேல் எதையோ வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தார். ஆயிலை உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அதை அடைத்துக்கொண்டு கிடந்த துணி அது. கறுத்து, தோல் மாதிரி ஆகியிருந்தது. நடுவில் சல்லடையின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. ஓரத்தை அவர் கட்டைவிரலால் தேய்க்க, மஞ்சள் நூல் தெரிந்தது.

“முகத்துல ஆயில் சொட்டிக்கிட்டே இருந்துச்சுன்னு மேலே இடுக்குல சொருகினேன், எடுக்க மறந்துட்டேன்” என்றார். “வண்டி செத்து வந்த அன்னைக்கே எனக்கு ஞாபகம் வந்துச்சுடா. திறந்து பாத்திருக்கலாம். திறக்க பயம். அந்தம்மா மேல சொல்றது சுலபமா இருந்துச்சு.”

எனக்கும் சொல்ல வேண்டியது இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம், அந்த இடத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. “விடுங்கண்ணே, யாருக்குத் தெரியப்போகுது” என்றுதான் என் வாயில் வந்தது. அவர் துணியை ஒரு டப்பாவில் வைத்து மூடினார்.

பழைய வண்டி உடைக்கிற இடம் ஒன்றில் அதே மாதிரி வண்டி ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதன் தண்டையும் பம்பையும் எடுத்து வந்து போட்டார். மூன்று மாதம் வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. முதல் முறை என்ஜின் உறுமியபோது பட்டறையே கை தட்டியது. அண்ணன் கை கழுவப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை வண்டியை டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். டீச்சர் படியிலேயே நின்றுவிட்டார். டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தியா? உன் அப்பா வண்டி! மெக்கானிக், இனிமே இவகிட்ட ஒரு கண்ணு வெச்சுக்கங்க. லைட் எரிஞ்சா பாக்கமாட்டா!”

டீச்சரும் சிரித்தார். பழகிப்போன சிரிப்பு. அண்ணன் டப்பாவைத் திறந்து துணியை எடுத்து வண்டியின் மூக்கின் மேல் விரித்தார்.

“இது என் துணிங்கம்மா. நான்தான் உள்ளே வெச்சு மூடிட்டேன். இதுதான் என்ஜினைக் கொன்னது. சந்தேகம் வந்தும் நான் திறந்து பாக்கலை. உங்க மேல பழியைப் போட்டேன். நீங்க ஒரு தப்பும் பண்ணலை.”

டீச்சர் இறங்கி வந்து துணியைத் தொடாமல் பார்த்தார்.

“அப்போ லைட்?” என்று கேட்டார்.

நான் அண்ணனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வயர் சோதிக்கிற டெஸ்ட் லாம்ப் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு அடி முன்னால் வைத்தால் போதும்.

“பல்ப் போயிருந்ததுங்கம்மா. அதையும் நான்தான் பாத்திருக்கணும்” என்றார் அண்ணன். என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

டீச்சர் வண்டியின் கதவில் கை வைத்தார். பிறகு, “அப்பா போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன்” என்றார். “லைட் எரிஞ்சுதுப்பா, நான்தான் பாக்கலைன்னு சொன்னேன். எல்லாரும் சொல்றாங்களேன்னு நானும் அப்படித்தான் இருக்கும்னு நம்பிட்டேன். என் கண்ணு பாத்ததை நானே நம்பலை.”

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் அதற்குப் பரவாயில்லை என்றோ, போகட்டும் என்றோ சொல்லவே இல்லை. கதவைத் திறந்து வண்டிக்குள் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, சாவியைப் பாதி திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜினைக் கிளப்பாமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த பல்ப் யாரு போட்டது?” என்று கேட்டார் டீச்சர்.

“நான்தான் டீச்சர்” என்றேன்.

“நல்லா தெரியுது. ரொம்ப தேங்க்ஸ் தம்பி.”

அன்றைக்கு அந்த வாசலில் அவர் நன்றி சொன்னது எனக்கு மட்டும்தான். அண்ணன் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பரவாயில்ல டீச்சர்” என்றேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ‘பாத்தாச்சு’ வந்த மாதிரியே அதுவும் சுலபமாக வந்துவிட்டது.